ஐஸ் கரையும் வரை

சென்னைக் காசிமேட்டில் மீன் ஏலம் நடுச்சாமத்துக்கு மேல் தொடங்கும். கிழக்கே விடிவெள்ளி எழும் மாதங்களில், கூடைகளுக்கு மேல் எரியும் விளக்குகளையும் மீறி அது கண்ணில் படும். அந்தப் பளபளப்பில்தான் முதல் சிக்கலே இருக்கிறது. வெள்ளிக் கோளை இடைவெளியில்லாமல் மூடியிருப்பது கந்தக அமில மேகம். விழுகிற வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. நாம் காலங்காலமாகப் பார்த்து வருவது போர்வையை மட்டுமே.

போர்வை இருப்பதாகச் சந்தேகம் எழுந்த நாளில் சென்னையிலும் ஒரு தொலைநோக்கி இருந்தது. 1761 ஜூன் 6, வெள்ளி சூரியனைக் கடந்த நாள். ஆளுநர் மாளிகையில் இருந்து பார்த்த பாதிரியார் வில்லியம் ஹெர்ஸ்ட், கோளின் விளிம்பு சூரியனைத் தொடுவதற்கு முன்பே மங்கலான நிழல் ஒன்று தெரிந்ததாக எழுதிவைத்தார். அதே நாளில் பீட்டர்ஸ்பர்கில் பார்த்த ரஷ்ய அறிஞர் லொமோனொசோவ், வெள்ளியில் காற்று மண்டலம் இருக்கிறது என்றே சொல்லிவிட்டார். லொமோனொசோவ் கண்டது என்ன என்பதிலேயே இன்றும் வாதம் நடக்கிறது. ஹெர்ஸ்டின் நிழலை அதைவிட அதிகமாக நம்ப நான் தயாரில்லை. ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார், அது போதும்.

லெ ஜென்தியின் கதை வேறு. பிரெஞ்சுக்காரரான அவர் 1761 கடப்பைப் புதுச்சேரியில் பார்க்கப் புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில். ஆடுகிற கப்பலில் நின்று பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றினார். புதுச்சேரியில் காத்திருந்த நாட்களில், தமிழ்க் கணிதர் ஒருவரிடம் சோழி பரப்பிப் போடும் கிரகணக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1765 சந்திர கிரகணத்தின் நேர அளவில் அந்தக் கணக்கு பிசகியது 41 விநாடிதான். 1769 ஜூன் 4 காலை, கடப்பு நடந்த நேரம் முழுக்கப் புதுச்சேரி வானத்தில் மேகம். எல்லாம் முடிந்தபின் வெயில் அடித்தது. அவர் முதலில் தங்க நினைத்த மணிலாவில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்ததாம். வெள்ளியில் இருக்கும் மேகத்தைச் சொல்கிறோம். இங்கே இருக்கும் மேகமே ஒரு மனிதனின் பத்து வருடத்தைத் தின்றுவிட்டது.

1874 டிசம்பர் கடப்புக்கு முன் சென்னை வானாய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு நல்ல காரியம் செய்தார். வரப்போவது என்ன, ஏன் பார்க்க வேண்டும் என்று விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் இந்திய மொழிகளிலும் வரச் செய்தார். தமிழில் அறிவியல் எழுதுகிறவர்கள் அவரை அடிக்கடி நினைக்க வேண்டும், நினைப்பதில்லை.

கண்ணால் ஆகாது என்று தெளிவானபின் வந்தது ரேடார். விசைப்படகுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கடலடியைக் காட்டுகிறது. ரேடார் அதையே வானொலி அலையால் செய்கிறது. மேகம் அதற்குத் தடையில்லை. 1960களின் தொடக்கத்தில் பூமியில் இருந்தே இப்படி அலை எறிந்துதான், வெள்ளி பெரும்பாலான கோள்களுக்கு எதிர்ப்பக்கமாக, 243 நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது என்று கண்டார்கள். 1990 முதல் சுற்றிவந்த மெகல்லன் கலம் நிலப்பரப்பில் 98 சதவீதத்தை வரைந்து கொடுத்தது.

பார்ப்பது இவ்வளவு. இறங்குவதுதான் வம்பு.

தரையில் வெப்பம் 465 டிகிரி. அழுத்தம் பூமியில் இருப்பதைப்போல் 92 மடங்கு. கடலில் ஐந்நூறு பாகம் ஆழத்தில் இருப்பது மாதிரி. இவை உலோகம் தாங்காத எண்கள் என்று நினைக்க வேண்டாம். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் கொதிகலனில் நீராவி இதைவிடச் சூடாக, இதைவிட அழுத்தமாகத் தினமும் ஓடுகிறது. குழாய் தாங்கும். அந்தக் கொதிகலனுக்குள் ஒரு செல்போனை வைத்துப் பேச முடியுமா என்பதுதான் கேள்வி.

சோவியத் பொறியாளர்கள் கண்ட வழி நம் படகுகளின் ஐஸ் பெட்டிதான். கலத்தை இறக்குவதற்கு முன்பே குளிரவைப்பார்கள். சுற்றிலும் வெப்பம் புகாத உறை. உள்ளே, உருகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும் லித்தியம் உப்பு. அது உருகித் தீரும்வரை கருவிகள் உயிரோடிருக்கும். 1970 டிசம்பர் 15 அன்று வெனரா 7 பாராசூட் பழுதாகி வேகமாக விழுந்தும், தரையில் இருந்து 23 நிமிடம் மெலிந்த குரலில் வெப்பநிலையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. 1975இல் வெனரா 9 முதல் படத்தை அனுப்பியது. 1982இல் வெனரா 13 எதிர்பார்த்த 32 நிமிடத்தைத் தாண்டி 127 நிமிடம் தாக்குப்பிடித்தது; சாதனை இன்றும் அதுவே. அதன் இரட்டையான வெனரா 14இன் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மண்ணின் கெட்டித்தன்மையை அளக்க அது கையை நீட்டிய இடத்தில், அதன் கேமராவில் இருந்து கழன்ற மூடி கிடந்தது. அத்தனை கோடி கிலோமீட்டர் போய் அளந்தது சொந்த மூடியை!

இறங்காமல் மிதக்கலாம் என்று 1985இல் வேகா கலங்கள் காட்டின. 54 கிலோமீட்டர் உயரத்தில் விட்ட இரண்டு பலூன்களும் 46 மணி நேரம் பேசின. அங்கே வெப்பம் சித்திரை மாதக் காசிமேட்டைவிட அதிகமில்லை. அமிலம்தான் கூடுதல்.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த இஸ்ரோவின் வெள்ளித் திட்டத்துக்கு ஒதுக்கீடு 1,236 கோடி ரூபாய். அது இறங்காது, சுற்றிவரும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. காரணம் பழைய படங்கள். மெகல்லன் 1991இல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை 2023இல் ஒப்பிட்டபோது, மாட் மான்ஸ் பகுதியில் ஓர் எரிமலை வாய் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது தெரிந்தது. வெள்ளி இன்னும் கொதிக்கிறது என்பதற்கு அதுவே வலுவான சாட்சி. மறுபடி ஒரு ரேடார் போய், முப்பது வருடத்துக்கு மேல் என்னென்ன மாறியது என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேர ஐஸ் பெட்டியால் அது ஆகாது.

இறங்குகிறவர்களுக்கு வேண்டியது ஐஸே தேவைப்படாத சில்லு. சிலிக்கான் கார்பைடில் செய்த சுற்று ஒன்று, நாசாவின் கிளென் மையத்தில் வெள்ளியின் சூட்டையும் அழுத்தத்தையும் உண்டாக்கிய கலனுக்குள், மூடி எதுவும் இல்லாமல் 521 மணி நேரம் ஓடியது. இஸ்ரோ அடுத்துப் பணம் போட வேண்டிய இடம் அதுதான்.

இஸ்ரோவின் கலம் 2028 மார்ச்சில் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து புறப்பட வேண்டும். காசிமேட்டில் இருந்து அந்த ஏவுதளம் நேர்க்கோட்டில் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை.