காமன்கூத்தும் ஒருபாற் காதற் கவிதையும்

மலையகக் கவிதை பற்றிய எமது திறனாய்வு உழைப்பையும் உரிமையையும் மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களின் இலக்கியத்தை நோக்குகையில் இது இயல்பே. சி. வி. வேலுப்பிள்ளை முதலானோரின் எழுத்துக்கு வலிமை தந்ததும் இப்பார்வையே. ஆயினும் இதன் வழியே ஒருபாற் காதலைத் தனிமனித விவகாரமெனவோ நகர்ப்புற இறக்குமதியெனவோ ஒதுக்கிவிடும் போக்கும் உருவாகலாம். அது சரியன்று என்பதற்கு நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களின் காமன்கூத்தே சான்று.

மாசி மாதத்தில் காமன் ஊன்றித் தொடங்கும் இக்கூத்து வழிபாடுமாகும். வேடம் புனைவோர் நோன்பிருப்பர். நேர்த்திக்காக ஆடுவோரும் உளர். மரபுப்படி மதன், ரதி இருவரையும் ஆடவரே ஆடுவர். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்தபின் ரதி புலம்புகிறாள். ஓர் ஆடவன் மற்றோர் ஆடவனைக் கணவனாக விளித்து ஏங்க, தோட்டமே கூடிநின்று பக்தியோடு கேட்கிறது. திருவாய்மொழியின் 27 பதிகங்களில் நம்மாழ்வார் தலைவியாகவும் தாயாகவும் தோழியாகவும் பேசுவதை இதனோடு ஒப்புநோக்கலாம்.

எனினும் இதனை ஒருபாற் காதலுக்கான சமூக அங்கீகாரமெனக் கொள்வது பிழையாகும். வேடம் கலைந்ததும் அனுமதியும் முடிந்துவிடுகிறது. மேலும் ரதியின் ஏக்கத்தையும் ஆடவனே பாடுவதால், கொழுந்தெடுக்கும் பெண் தன் வேட்கையைக் கூற அக்களத்தில் இடமில்லை. தமிழகத்தில் கல்கி சுப்ரமணியத்தின் 'குறி அறுத்தேன்' தொகுப்பு திருநங்கை ஒருவரின் தன்கூற்றாக அமைகிறது. திருநங்கையர் வாழ்வும் ஒருபாற் காதலும் ஒன்றல்ல. ஆனால் வேடத்தின் குரலிலிருந்து தன்குரலுக்கு நகர்வதே இக்காலக் கவிதையின் பொதுத்திசை என்பதை இத்தொகுப்பு உணர்த்துகிறது.

இந்நகர்வு மலையகத்தில் எளிதன்று. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் இடம்பெற்ற 365அ பிரிவு, 1995 இல் பெண்களையும் உள்ளடக்குமாறு திருத்தப்பட்டது. அதனை மாற்ற முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தும், அது சட்டமாகவில்லை. சட்டம் மாறினும் பிறிதொரு வினா எஞ்சும். அந்தரங்க உரிமை என்பது அந்தரங்கமான இடத்தை முன்னிபந்தனையாகக் கொள்வது. குடும்பம் முழுவதும் ஒரே லயத்துக் காம்பராவில் வாழும் தொழிலாளிக்கு அவ்விடம் ஏது? ஆகவே ஒருபாற் காதலும் உழைப்பு, குடியிருப்பு ஆகியவற்றின் பிரச்சினையே. முற்போக்குத் திறனாய்வு அதனைத் தன் எல்லைக்குப் புறம்பானதாகக் கருதவியலாது.

இத்தகைய சூழலில், காதலரை இறைவனை விளிக்கும் சொல்லால் விளிக்கும் கவிதையை நாம் எவ்வாறு வாசிப்பது? சமயவாதி அதனைச் சீவான்மா பரமான்மா உறவென விளக்கி அமைவார். நாமோ வர்க்கத்தின் ஏக்கமென விளக்கி அமைவோம். இரு விளக்கங்களிலும் காதல் மறைந்துவிடுகிறது. காம்பராவில் வாய்விட்டுக் கூறமுடியாத ஏக்கத்துக்கு, ஊர் கூடிக் கேட்கும் மொழியாகப் பக்தியே வாய்த்தது. ஆதலின் இங்கு பக்தி காதலை மறைக்கும் திரையன்று. காதல் பேசுதற்குக் கிடைத்த மொழி. உயிர்த்தெழுந்த மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடன் தோன்றுவான் என்பது புராணம். பிறர் காணவில்லை என்பதால் மதன் இல்லையென்று ரதி கூறுவதில்லை. திறனாய்வாளரும் அவ்வாறு கூறலாகாது.