மூளையின் மடிப்புகளில் மனிதனைத் தேடுதல்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் பேராசிரியப் பணியேற்ற தமிழர் வி. எஸ். இராமச்சந்திரன் 2011-இல் வெளியிட்ட ‘தி டெல்-டேல் பிரெயின்’ என்னும் நூல், நம் இறையியல் மாணவரிடையே கைமாறி வருகிறது. அதனின்று பிரசங்க உதாரணங்களும் எடுக்கப்படுகின்றன. எனவே அந்நூலைச் சற்று நிதானித்துப் பார்ப்பது நலம்.

மனிதன் குரங்கினத்தைச் சேர்ந்தவனே. ஆயினும் வெறுங்குரங்கு அல்லன் என்பதே ஆசிரியரின் கொள்கை. பனிக்கட்டி திடீரென நீராவதுபோல, படிப்படியான மாற்றங்களின் ஊடே ஒரு பாய்ச்சல் நிகழ்ந்தது என்கிறார். அப்பாய்ச்சலுக்கு அவர் பெரிதும் நம்பியிருப்பது கண்ணாடி நரம்பணுக்களை. பிறர் செய்வதைக் காணும்போதே, தாம் செய்வதுபோல் துடிக்கும் இவ்வணுக்கள் 1990-களில் இத்தாலியின் பார்மா நகரில் மக்காக் குரங்குகளிடம் கண்டறியப்பட்டவை. குரங்கிடமும் உள்ள ஒன்று எவ்வாறு மனிதனைத் தனித்துப் பிரித்தது? இவ்வணுக்கள் மட்டும் போதா என்று ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பின்னும் அதிகாரத்துக்கு அதிகாரம் அவற்றிடமே திரும்புகிறார். நூலின் சுவையும் பலவீனமும் இவ்விடத்திலேயே உள்ளன.

நூல் வெளிவந்தபின், 2015-இல் கோமஸ்-ரோப்லெஸ், ஹாப்கின்ஸ், ஷெர்வுட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்று வேறொரு வழியைக் காட்டுகிறது. 206 சிம்பன்சிகளின் மூளைகளையும் 218 மனிதரின் மூளைகளையும் காந்த அதிர்வுப் படங்களின் வழி அவர்கள் ஒப்பிட்டனர். மனிதருள் இரட்டையரும் உடன்பிறந்தாரும் இருந்தனர். மூளையின் பருமன் இரு இனங்களிலும் பெரிதும் மரபுவழிப்பட்டது. ஆனால் புறணியின் பள்ளங்கள் எங்கே எவ்வாறு அமைகின்றன என்பதில், சிம்பன்சியைவிட மனிதனிடம் மரபணுவின் பிடி தளர்ந்திருக்கிறது. பல புலன்களின் செய்திகளை ஒன்றிணைக்கும் பகுதிகளில் இத்தளர்வு மிகுதி. மனிதக் குழந்தை பிறக்கும்போது அதன் மூளை, வளர்ந்தவர் மூளையில் மூன்றிலொரு பங்குகூட இராது. எஞ்சிய வளர்ச்சி தாயின் மடியிலும் திண்ணையிலும் தெருவிலும் நடைபெறுகிறது.

இதனையும் அளவோடு கொள்ளவேண்டும். மரபுவழித் தன்மை என்பது ஒரு கூட்டத்தாரிடையே காணும் வேறுபாடுகளைப் பற்றிய கணக்கு. தனியொருவனின் மூளையில் இத்தனை பங்கு மரபணு என்று அது சொல்வதில்லை. மேலும், அச்சிம்பன்சிகள் மனிதர் பராமரிப்பில் ஏறத்தாழ ஒரேவிதமாக வாழ்ந்தவை. சூழல் ஒன்றாயிருப்பின், மரபணுவின் பங்கு கூடித் தோன்றுவது இயல்பே. ஆயினும், ‘இன்ன குலத்தானுக்கு இன்ன அறிவு இரத்தத்திலேயே ஊறியது’ என்று நம் கொங்குப் பகுதியில், சபைக்குள்ளும்கூட, திருமணப் பேச்சில் ஒலிக்கும் வார்த்தைக்கு இவ்வாய்வில் சான்று தேடுவார் ஏமாறுவர். கணிதமேதை இராமானுஜன் 1887-இல் பிறந்தது நம் ஈரோட்டில்தான்; இருந்தும் நம்மூர்ப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை மனனம் செய்தே தீரவேண்டியிருக்கிறது!

நூலில் என்னை மிகவும் உறுத்தியது ஆட்டிசத்தைப் பற்றிய பகுதி. அந்நிலைக்குக் காரணம் கண்ணாடி நரம்பணுக்களின் கோளாறு என்பது ஆசிரியரின் கருதுகோள். பிற்கால ஆய்வுகள் பல அதற்கு ஆதரவு தரவில்லை. 2014-இல் கிரெகரி ஹிக்காக் இவ்வணுக்களைப் பற்றிய மிகைக் கூற்றுகளை மறுத்து ஒரு நூலே எழுதினார். இவ்வணுக்களே மனிதப் பண்பாட்டின் வாயில் என்று ஓரிடத்திலும், இக்குழந்தைகளிடம் அவை பழுதுற்றவை என்று வேறோரிடத்திலும் படிக்கும் மாணவன் என்ன முடிவுக்கு வருவான்? ஆசிரியர் அம்முடிவைச் சொல்லவில்லை. அவர் மனமும் அதுவன்று. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தவர் அவரே.

அவரை மட்டும் குறைகூற எனக்குத் தகுதியில்லை. அகுஸ்தீன் தேவசாயலை நினைவு, அறிவு, சித்தம் ஆகியவற்றில் தேடியதை அடியொற்றி, ‘பகுத்தறிவே தேவசாயல்’ என்று நானே பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒருநாள் ஆராதனை முடிந்தபின், பேச்சு வராத தன் மகனைக் கைப்பிடித்து வந்த தாய் ஒருத்தி, “ஐயா, அப்படியானால் இவன்?” என்றாள். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் மூளை என்ற சொல்லே இல்லை என்பது அன்று வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.