அகுஸ்தினாரின் அறிக்கை நூலில் காட்சியும் விடுதலையும்

புனித அகுஸ்தினார் (354–430) இலத்தீன் மொழியில் இயற்றிய அறிக்கை நூல் பதின்மூன்று பகுதிகளை உடையது. ஏறத்தாழ 397 முதல் 401 வரையிலான காலத்தில் எழுதப்பெற்றது. காமத்திற்கு அடிமைப்பட்ட ஒருவர் கிறித்தவ நம்பிக்கையால் விடுதலை எய்திய வரலாறாகவே இந்நூலைப் பலரும் அறிவர். அவ்வரலாற்றின் முடிவாகக் கொள்ளப்படுவது எட்டாம் பகுதியில் வரும் மிலான் நகரத் தோட்டக் காட்சி. அதனைத் தனித்தெடுத்துப் படிப்போர், விடுதலை ஒரு நொடியில் தோன்றி அந்நொடியிலேயே முற்றுப்பெற்றது எனக் கொள்வர். இக்கருத்து நூலின் முன்பின் இயைபோடு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

காமம் உடலில் தொடங்குவதாக இந்நூல் கூறவில்லை. கண்ணில் தொடங்குவதாகவே காட்டுகின்றது. முதற் பகுதியில் தம் பள்ளிக் கல்வியைக் கடிந்துரைக்கும் அகுஸ்தினார், தெரென்சு என்னும் உரோம நாடக ஆசிரியரின் ஒரு காட்சியை நினைவுகூர்கின்றார். அதில் ஓர் இளைஞன், யூப்பித்தர் தனாயி என்பாளைப் பொன்மழையாய்ச் சேர்ந்த கதை தீட்டப்பெற்ற சுவரோவியத்தைக் காண்கின்றான். தெய்வமே செய்ததை மனிதனாகிய தான் செய்தல் தகும் எனத் தன் இச்சைக்கு நியாயம் தேடிக்கொள்கின்றான். ஓவியம் இச்சையை எழுப்புவதோடு அமையாமல் அதற்குச் சான்றும் வழங்கிவிடுகின்றது.

ஆறாம் பகுதியில் இக்கருத்து மேலும் வளர்கின்றது. அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியார், வாள்வீரர் ஒருவரையொருவர் கொன்றுவிழும் விளையாட்டை வெறுத்தவர். உரோமில் தோழர்கள் அவரை அரங்கிற்கு வலிந்து இழுத்துச் சென்றபோது, கண்களை மூடிக்கொண்டால் வென்றுவிடலாம் என எண்ணினார். ஆயின் காதை மூடினாரல்லர். கூட்டத்தின் பேரொலி எழுந்ததும் கண்ணைத் திறந்தார். திறந்த கண் குருதியைப் பருகியது. வந்த மனிதர் வேறு, திரும்பிய மனிதர் வேறாயினார். பின்னர்ப் பிறரையும் அவ்விடத்திற்கு அழைத்துச் செல்லலானார். அவர் இறைவனை நம்பாமல் தம்மையே நம்பியதால் வீழ்ந்தார் என்பது ஆசிரியரின் தீர்ப்பு. இந்நிகழ்ச்சியில் காமம் இல்லை. ஆயினும் காட்சி மனிதனை அடிமையாக்கும் முறை இதைவிடத் தெளிவாக நூலில் வேறெங்கும் விளக்கப்படவில்லை.

எட்டாம் பகுதி இவ்வடிமைத்தனத்தின் படிநிலைகளை வகுத்துரைக்கின்றது. கோணிய விருப்பம் வேட்கையாகின்றது. வேட்கைக்குப் பணிந்தால் பழக்கமாகின்றது. பழக்கத்தை எதிர்க்காவிடின் அது கட்டாயமாகின்றது. இவை ஒன்றோடொன்று கோத்த சங்கிலி வளையங்கள் என்கின்றார் ஆசிரியர். தூய்மையை வேண்டிக்கொண்டே, அஃது உடனே கிட்டிவிடுமோ என அஞ்சிய தம் இளமைக்கால இரட்டை மனத்தையும் மறைக்கவில்லை. 386ஆம் ஆண்டில் மிலான் தோட்டத்தில், எடுத்துப் படிக்குமாறு ஏவும் குழந்தைக் குரல் கேட்டு, உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படித்தபோது அவர் ஐயம் நீங்கியது. உடனிருந்தவர் அலிப்பியாரே. நம்பிக்கையில் வலுவற்றவனை ஏற்றுக்கொள்ளப் பணிக்கும் அடுத்த அடியை அவர் தமக்குரியதாகக் கொண்டார். அரங்கில் தம்மை நம்பி வீழ்ந்தவர், தோட்டத்தில் தம் வலுவின்மையை ஏற்று எழுகின்றார்.

இக்காட்சி உண்மை வரலாறா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1918இல் அல்பாரிக்கு என்பார், 386இல் அகுஸ்தினார் தழுவியது கிறித்தவத்தைவிடப் புதுப் பிளேட்டோனியமே என வாதிட்டார். 1950இல் கூர்செல் என்பார், அத்திமரமும் குரலும் குறியீடுகளாதல் கூடும் எனக் காட்டினார். இவ்விவாதம் பயனுடையதே. எனினும், நூலில் விடுதலை என்னும் சொல் எப்பொருளில் வழங்குகின்றது என்ற வினாவிற்கு இஃது விடை தராது.

அதற்கு விடை வேறிரண்டு இடங்களில் கிடைக்கின்றது. தோட்ட நிகழ்ச்சிக்குப் பின் சில திங்களுக்குள் எழுதப்பெற்ற 'தனிமொழிகள்' என்னும் உரையாடலில், முன்னிரவில் பெண்ணின்பம் பற்றிய எண்ணம் தம்மை மீண்டும் வருடியதை அவர் ஒப்புக்கொள்கின்றார். முன்னைவிட வலுக் குன்றியது. ஆயின் தாம் நினைத்த அளவிற்கு ஒழியவில்லை. பத்தாண்டிற்குப் பின், ஆயராக இருந்து எழுதிய அறிக்கை நூலின் பத்தாம் பகுதியிலும், பழைய காட்சிகள் நினைவில் உயிரோடு இருப்பதையும், விழிப்பில் வலுவிழந்தவை கனவில் இசைவையும் பெற்றுவிடுவதையும் கூறி வருந்துகின்றார். இவ்விரு சான்றுகளும் எட்டாம் பகுதியோடு முரண்படுவன அல்ல. அதன் உரை எனத் தக்கவை.

ஆகவே அகுஸ்தினார் கூறும் விடுதலை, காட்சி நினைவினின்றும் அழிதலன்று. அதற்கு இசையும் கட்டாயம் முறிதலே. அம்முறிவும் தம் ஆற்றலால் வந்ததாக அவர் கருதவில்லை. இறைவன் கட்டளையிடுவதை நிறைவேற்றும் வலிமையையும் அவனே தரவேண்டும் எனப் பத்தாம் பகுதியில் மன்றாடுகின்றார். இவ்வேண்டுதலைக் கேட்டுப் பெலாகியுசு சினந்தார் என்பதை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். மனிதமுயற்சியைத் தளர்த்தும் என்பது பெலாகியுசின் அச்சம். யாம் இதனை வேறாகக் காண்கின்றோம். தன் உறுதியை மட்டுமே நம்பியவன் ஒருமுறை வீழ்ந்தால் அனைத்தையும் இழப்பான். அருளை நம்பியவன் வீழ்ந்த இடத்திலிருந்தே எழுந்து வேண்டலாம்.

நூலில் ஒரு குறையும் உண்டு. பல்லாண்டு உடன்வாழ்ந்து மகனையும் ஈன்ற பெண், திருமண ஏற்பாட்டின்பொருட்டு 385 அளவில் ஆப்பிரிக்காவிற்கு அனுப்பப்பட்டாள். அவளுக்குச் சில வரிகளே வாய்த்தன, பெயரும் இல்லை. தம் நெஞ்சம் பிளந்து குருதி சொரிந்ததை விரித்துரைத்தவர், அவள் நெஞ்சத்தை ஆராயவில்லை. வேட்கையால் தமக்கு விளைந்த தீங்கை அளந்த நூல், பிறருக்கு விளைந்ததை அளக்கத் தவறியது.

இவ்வாராய்ச்சி பழமையோடு முடிவதன்று. ஆபாசக் காட்சிகள் இன்று கைப்பேசியில் தனிமையில் கிட்டுகின்றன. கட்டுப்படுத்தவியலாப் பாலியல் நடத்தையை, உந்தலடக்கக் குறைபாடுகளுள் ஒன்றாக உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப்பகுப்பு வகுத்துள்ளது. அப்பகுப்பு 2019இல் ஏற்கப்பெற்று 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஒழுக்க நோக்கால் எழும் மனவருத்தம் மட்டுமே அந்நோய்க்குச் சான்றாகாது எனவும் அது தெளிவுறுத்துகின்றது. நோயை அறிதல் மருத்துவத்தின் பணி. நம்பிக்கையால் மீள விரும்பி, மீண்டும் வீழ்ந்து, தன் நம்பிக்கையே பொய்யோ எனக் கலங்குபவனுக்கு அறிக்கை நூல் வேறொன்று தருகின்றது. இலத்தீனில் அதன் தலைப்புச் சொல், குற்றத்தை ஒப்புதலையும் இறைவனைப் புகழ்தலையும் ஒருங்கே குறிக்கும். மறைவில் வளர்ந்த பழக்கத்தை அகுஸ்தினார் அலிப்பியார் அருகிருக்க எதிர்த்தார். எஞ்சிய சோதனையை ஆயராயிருந்தும் உலகறியச் சொன்னார். தோட்டத்தை மட்டும் படிப்பவன் தன் நிலைகண்டு துவளக்கூடும். பத்தாம் பகுதியையும் படிப்பவன் துவள வேண்டுவதில்லை.