காசும் காதும்

பினாங்குத் தமிழரில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவையும் உண்டு. பெற்றோர் வேலைக்காகச் சிங்கப்பூரில் இருக்க, ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியில் பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பிள்ளைகளை இரு தரப்பிலும் பார்க்கலாம். சோற்றுக்கும் பள்ளிக்கும் குறையிருக்காது. "அம்மா எப்ப வருவாங்க?" என்று பிள்ளை கேட்டால்தான் வீட்டில் பேச்சு மாறும். ஏதோ ஒரு காரணத்தால் பெற்றோர் அருகில் இல்லாமல் வளரும் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பதில் நம் இரண்டு பூர்வீக மண்ணும் வெவ்வேறு வழியில் போயின.

தமிழகம் காசிலிருந்து தொடங்கியது. கோவிட்டில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, உறவினரிடம் வளர்ந்தால் 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாய் என 2021 மே மாதம் அறிவித்தது. 2025இல் வந்த 'அன்புக்கரங்கள்' திட்டம் ஆதரவிழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பணத்தால் மனம் ஆறுமா என்று இளக்காரமாகக் கேட்க வேண்டாம். "உனக்காகத்தான் கடன் வாங்குறேன்" என்ற பேச்சைக் கேட்காமல் வளர்வதே பிள்ளைக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதியை வங்கிக் கணக்கு தராது.

இலங்கையில் அந்த மீதியைப் போர் கற்றுக்கொடுத்தது. மட்டக்களப்பில் 1996இல் 'வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா' தொடங்கியது. கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் அதன் பின்னால் நின்றார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று யாரும் தோண்டவில்லை; சொல்ல வந்ததை அவர்கள் விளையாட்டிலேயே சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் 'சாந்திகம்' என்ற அமைப்பு உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தது.

அதே இலங்கை வளைகுடாவுக்குப் போன தாய்மார் விஷயத்தில் சறுக்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாதென 2013இல் விதித்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அந்த வயதை இரண்டாக்கியது. தாயைத் தடுக்கச் சட்டம் போட்டவர்கள், அம்மம்மாவிடம் ஏற்கெனவே விடப்பட்ட பிள்ளைக்கு அதே அக்கறையைக் காட்டவில்லை. தகப்பனைப் பற்றி அந்த விதி வாயே திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் கட்சி மட்டக்களப்பின் பக்கம்தான். காசு தமிழகத்துக் கணக்கில் வரட்டும், காது மட்டக்களப்பிலிருந்து வரட்டும். பினாங்கு வீடுகளில் இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பெற்றோர் எங்கே, ஏன் என்பதைப் பிள்ளையின் வயதுக்கேற்ற உண்மையாகச் சொல்லுங்கள். அம்மா அழைக்கும் நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். மகன்மேல் உள்ள கோபத்தைப் பேரன் காதில் கொட்டாதீர்கள். வீட்டு நிலைமை வகுப்பாசிரியருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அறுபதைக் கடந்து மறுபடி பிள்ளை வளர்க்கும் பாட்டிக்கும் ஆள் வேண்டும். மலேசிய அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும் எண். பாட்டிகளே, உங்களுக்காகவும் கூப்பிடுங்கள்.