மின்கிதார் ஏறிய பாம்பாட்டம்

கேரளத்தில் ராக் இசைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. கொச்சியில் 13 ஏ.டி. குழு 1970களின் கடைசியிலேயே மேடையேறிவிட்டது. 1996இல் அதே ஊரில் தொடங்கிய மதர்ஜேன், கர்நாடக சங்கீதத்தின் கமகங்களைக் கிதார் கம்பிகளில் இழைத்து நாடெங்கும் பெயர் வாங்கியது. ஆனால் இரண்டு குழுக்களும் பாடியது ஆங்கிலத்தில். ராக் என்றால் ஆங்கிலம்தான் என்பதில் கேட்பவர்களுக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை.

2003இல் திருவனந்தபுரத்தில் உருவான ‘அவியல்’ குழு மலையாளத்தில் பாடி அந்த வழக்கத்தை முறித்தது.

குழுவின் அமைப்பே கவனிக்கத்தக்கது. டோனி ஜான் பாடுவார், கூடவே டர்ன்டேபிளில் இசைத்தட்டுகளைத் தேய்ப்பார். கிதார் ரெக்ஸ் விஜயன். முன்பு மதர்ஜேனில் வாசித்தவர். டிரம்ஸ் மிதுன் புத்தன்வீட்டில். பேஸ் கிதார் நரேஷ் காமத். கைலாஷ் கேரின் ‘கைலாசா’ குழுவிலும் வாசித்தவர். தொடக்க காலத்தில் ஆனந்தராஜ் பெஞ்சமின் பாலின் குரலும் இருந்தது. செண்டை இல்லை, இடக்கை இல்லை, புல்லாங்குழல் இல்லை. நாட்டார் பாட்டை நவீனமாக்குகிறோம் என்று கிளம்பும் குழுக்கள் வழக்கமாகச் செய்வது வேறு: முதலில் ஓர் ஆலாபனை, நடுவில் கிதார் தனி, முடிவில் தாளவாத்தியப் போட்டி. அவியல் அந்தப் பக்கமே போகவில்லை. பாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் துடிப்பைக் கண்டுபிடித்து, அதையே கிதாரில் ஏற்றுவதுதான் அவர்கள் கலை.

முதல் பாட்டு ‘நட நட’ தொலைக்காட்சி வழியே பரவியது. 2008இல் மும்பையின் ஃபேட் ஃபிஷ் நிறுவனம் குழுவின் பெயரிலேயே ஆல்பத்தை வெளியிட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ரப்பி ஷேர்கிலை பஞ்சாபியில் பாடவைத்து வெற்றி கண்ட நிறுவனம் அது. அவியல் தொகுப்பில் பாடல்கள் எட்டு. அவற்றில் இரண்டைக் கூர்ந்து கேட்டாலே இந்தக் குழுவின் திறம் விளங்கிவிடும்.

ஒன்று, ‘கருகர’. காவாலம் நாராயணப் பணிக்கரின் வரிகள்; கருமுகிலைக் கொம்பன் யானையாகக் காணும் பாட்டு. ஜி. அரவிந்தன் 1979இல் எடுத்த ‘கும்மாட்டி’ படத்தில் ஊர்க் குழந்தைகளோடு சேர்ந்து ஒலித்தது. காவாலம் திருவனந்தபுரத்தில் ‘சோபானம்’ நாடகக் குழுவை நடத்தியவர். வாயாலேயே தாளம் சொல்லும் வாய்த்தாரியின் ருசி அறிந்தவர். அவர் வரிகளில் ககரமும் ரகரமும் மாறிமாறி வந்து விழும்போது நாக்கே மேளமாகிவிடுகிறது. அவியல் அந்த எழுத்துகளின் இடிப்பைத்தான் பிடித்துக்கொள்கிறது. டிரம்ஸும் பேஸும் சொற்களுக்குப் பின்னணியாக நிற்காமல் அவற்றோடு சேர்ந்தே அடிக்கின்றன. ‘கும்மாட்டி’யில் மேகம் விளையாட வந்த யானை. இங்கே அது மதம் பிடித்த யானை.

இரண்டாவது, ‘ஆடு பாம்பே’. தலைப்பைக் கேட்டதும் தமிழ் வாசகருக்குப் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வருவார். நியாயம்தான். அவியல் பாடுவது ஸ்ரீ நாராயண குருவின் ‘குண்டலினிப் பாட்டு’. அதன் அச்சோ சித்தர் மரபினுடையது. திருவனந்தபுரத்துக்கு அருகே செம்பழந்தியில் 1856இல் பிறந்த குரு, தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் கற்றார். அய்யாவு தமிழர், திருவனந்தபுரம் ரெசிடென்சியில் சூப்பிரண்டாக வேலை பார்த்தவர். குருவும் தமிழ் நன்கறிந்தவர், தமிழில் பதிகங்கள் பாடியவர். தமிழ்ச் சித்தனின் மெட்டு மலையாளத் துறவியின் யோகப் பாட்டாகி, ஒரு நூற்றாண்டு கழித்து அதே ஊர் இளைஞர்களின் கிதாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அது அங்கே பொருந்தியதற்கு இசைக் காரணம் உண்டு. சித்தர் பாட்டில் ஒவ்வொரு கண்ணியும் எங்கே சுற்றினாலும் பாம்பை அழைக்கும் ஈற்றடிக்கே திரும்புகிறது. ராக் கிதாரில் ‘ரிஃப்’ எனப்படும் சிறு இசைத்துணுக்கு செய்வதும் இதையேதான்: திரும்பத் திரும்ப வந்து கேட்பவரின் உடம்பில் ஏறுவது. முதுகெலும்பில் குண்டலினி எழுவதைப் பாடும் வரிகளுக்கு, அடியிலிருந்து மேலேறும் அந்த அதிர்வைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது.

உலக இசையில் இதற்கு இணை தேடினால் 1976இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘தி கிராம்ப்ஸ்’ குழுவிடம் போகலாம். லக்ஸ் இன்டீரியரும் பாய்சன் ஐவியும் ராக்கின் தொடக்க வடிவங்களில் ஒன்றான 1950களின் ராக்கபில்லியை எடுத்து, அதில் பங்க் இசையின் சீற்றத்தைப் பாய்ச்சினார்கள். ராக்கபில்லியின் உயிரே அறைந்து வாசிக்கும் பெரிய பேஸ். கிராம்ப்ஸோ தொடக்கத்தில் பேஸே இல்லாமல் இரண்டு கிதார்களோடு மேடையேறினார்கள். ஆனாலும் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்ய எல்விஸ் பிரெஸ்லி தொடங்கிய மெம்ஃபிஸ் நகரத்துக்கே போனார்கள். பழைய பாட்டின் மேல் அவ்வளவு காதல். ஆனால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் எண்ணம் துளியும் இல்லை. அவியலின் மனமும் இதுதான்.

2011இல் ஆஷிக் அபுவின் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்துக்கு அவியல் கொடுத்த ‘ஆனக்கள்ளன்’ குழுவைக் கேரளத்தின் எல்லா வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு’ வழியாக ரெக்ஸ் திரை இசைக்குள் நுழைந்தார். ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’, ‘பறவ’, ‘மாயாநதி’, ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்று வரிசை நீண்டது. ‘மாயாநதி’யின் ‘மிழியில் நின்னும்’ பாடலுக்காக ஷஹபாஸ் அமனுக்கு மாநில விருது கிடைத்தது. அந்தப் பாட்டில் ரெக்ஸின் கிதார் எதிரொலியாகக் கரைந்து பரவுகிறது. ‘நட நட’வின் முரட்டுக் கையும் இந்த மெல்லிய கையும் ஒருவருடையவை.

திரைப்படம் குழுவை விழுங்கிவிட்டது என்று வருந்தும் ரசிகர்கள் உண்டு. வருத்தத்தில் பொருள் இருக்கிறது. 2008இன் அந்த எட்டுப் பாட்டுதான் இன்றும் அவியலின் முகவரி. ஆனால் அது திறந்துவிட்ட வாசல் பெரிது. மலையாளத்தில் கத்திப் பாட இனி யாரும் கூச்சப்படத் தேவையில்லை. தமிழில் 2018இல் சென்னையில் அரங்கேறிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக்கையும் சேர்த்தபோது அரசியல் வேறு, கோபம் வேறு. ஆனாலும் ஊர்ப்பாட்டின் தாளத்தை நம்பி மின்கிதாரைத் தூக்கிய துணிச்சல் இரண்டுக்கும் பொது. அவியலைப் புதிதாகக் கேட்பவர்கள் ‘கும்மாட்டி’யின் பாட்டை முதலில் கேட்டுவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் ‘கருகர’வைப் போட வேண்டும், ஒலியை நன்றாகக் கூட்டி வைத்து.