பத்து நிமிஷமும் ஆயிரம் மணி நேரமும்

'பல்திறன்' என்ற சொல்லை நம் பத்திரிகைகளில் மிகச் சுலபமாகச் செலவழித்து வருகிறோம். கவிதை, கதை, நாடகம் மூன்றிலும் கை வைத்தவர் என்றால் பல்திறன் படைத்தவர். மூன்றிலும் என்ன செய்தார் என்ற கேள்வி எழுவதேயில்லை. பழைய வீடியோ கேம் காலத்தின் பெரும் படைப்பாளிகள் என்று இன்று போடப்படும் பட்டியல்களிலும் இதே சோம்பல்தான் தெரிகிறது. யார் எத்தனை விதமான ஆட்டங்கள் செய்தார் என்று எண்ணுகிறார்கள். எண்ணுவது விமர்சனம் ஆகாது. அப்பட்டியல்களில் இடம் பெறும் டேவிட் க்ரேன் என்ற அமெரிக்கரை மட்டும் எடுத்துக்கொண்டு, பல்திறன் என்பதுதான் என்ன என்று பார்க்க விரும்புகிறேன். கேளிக்கைச் சரக்குக்கு இந்தப் பக்கங்களில் என்ன இடம் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள், முடிவு வரை படித்துவிட்டுச் சுளிக்கலாம்.

1977-ல் வெளிவந்த அட்டாரி இயந்திரத்தின் நினைவகம் 128 பைட். ஒரு முழுத் திரைக்கான படத்தை வைத்துக்கொள்ள அதில் இடம் கிடையாது. டெலிவிஷனின் கதிர் ஒரு வரியைக் கடப்பதற்குள் அந்த வரிக்கு வேண்டியதை ப்ரோக்ராம் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அடுத்த வரிக்கு மறுபடியும். நகரும் உருவங்களாக இயந்திரம் தருபவை ஐந்தே: இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து. பந்தடிக்கவும் சுட்டுக்கொள்ளவும் என்றே யோசித்துச் செய்யப்பட்ட சாதனம். இதில் 1982-ல் க்ரேன் ஒரு காட்டை உண்டாக்கினார். ஆட்டத்தின் பெயர் 'பிட்ஃபால்'.

ஓடும் மனிதன், ஒரு பாதை, சுற்றிலும் காடு, புதையல்: இவ்வளவையும் தாளில் யோசித்து முடிக்கப் பத்து நிமிஷமும், ப்ரோக்ராமாக எழுத ஏறத்தாழ 1,000 மணி நேரமும் ஆனதாக க்ரேன் சொல்லியிருக்கிறார். உருவம், உள்ளடக்கம் என்று நம்மிடையே ஓயாது நடக்கும் சண்டைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. பத்து நிமிஷச் சரக்கு யாரிடமும் இருக்கும். காடு அந்த ஆயிரம் மணி நேரத்தில்தான் இருக்கிறது.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். காட்டில் 255 காட்சிகள். ஆட்டம் முழுவதும் அடங்க வேண்டிய இடம் 4 கிலோபைட். காட்சிகளைத் தனித்தனியே வரைந்து வைத்தால் கொள்ளாது. க்ரேன் எதையும் வரைந்து வைக்கவில்லை. ஒரே ஒரு பைட்டை வைத்துக்கொண்டார். அதன் எட்டு இலக்கங்களே மரங்கள் எப்படி நிற்கும், குழியா முதலைக் குளமா, எங்கே புதையல் என்பதையெல்லாம் தீர்மானிக்கின்றன. மனிதன் வலப்புறம் போனால் ஒரு விதி அந்த பைட்டை அடுத்ததாக மாற்றுகிறது. இடப்புறம் திரும்பினால் அதே விதி தலைகீழாக நடக்கிறது. கீழே சுரங்கப் பாதையில் ஒரு திரையைக் கடந்தால் மேலே மூன்று திரை கடந்ததாக ஆகும். விதியை மூன்று முறை ஓட்டுவதுதான் அந்தக் குறுக்கு வழி. ஆக, காடு எங்கும் 'வைக்கப்பட்டு' இருக்கவில்லை. நடக்க நடக்க உண்டாகிறது.

1985-ல் வந்த 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' வெளித்தோற்றத்தில் இதற்கு நேர் எதிர். மூலக் கருத்து ரிச் கோல்டுடையது. ஒரு வீடு, ஒரு மனிதன், ஒரு நாய். வெற்றி இல்லை, தோல்வி இல்லை. சாப்பாடு, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகக் கேட்டுக்கொண்டால் அவன் ஏதாவது செய்வான். ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் குடியிருப்பவன் வேறு ஆள். 1989-ல் வந்த 'எ பாய் அண்ட் ஹிஸ் ப்ளாப்'பில் பையனுக்கு ஆயுதம் கிடையாது. கூட வரும் பிசுபிசுத்த உருண்டைக்கு எந்தச் சுவை மிட்டாய் போடுகிறானோ அதற்கேற்ப அது ஏணியாகிறது, குடையாகிறது.

காடு, வீடு, உருண்டை. விஷயங்கள் மூன்று, கை ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு விதியால் பலவற்றை வருவிக்கும் கை. 1984-ல் திரைப்படத்தை வைத்து அவர் செய்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' நன்றாக விற்றது. அதில் இந்தக் கை எனக்குத் தென்படவில்லை. பல பொருட்கள் வெளியிலிருந்து வந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. தேர்ச்சி உண்டு, சிருஷ்டி இல்லை. பட்டியல் போடுபவருக்கு இதுவும் ஒரு எண்ணிக்கை.

இங்கே பெயர் விவகாரத்துக்கு வர வேண்டும். அட்டாரி தன் ஆட்டங்களில் செய்தவர் பெயரைப் போடாது. வாரன் ராபினெட் 1980-ல் வந்த 'அட்வெஞ்ச'ரில், நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஒரு ரகசிய அறை கட்டித் தன் பெயரை ஒளித்து வைத்தார். க்ரேனும் மூன்று சகாக்களும் வெளியேறி, 1979-ல் ஜிம் லெவியோடு சேர்ந்து ஆக்டிவிஷனைத் துவக்கினார்கள். அங்கே செய்தவர் பெயர் வெளிப்படையாக அச்சாயிற்று.

வங்கியில் நானும் நாள் முழுவதும் சீட்டுகளில் சுருக்கொப்பம் போடுகிறேன். தவறு நேர்ந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கான ஒப்பம் அது. செய்ததற்கான ஒப்பம் வேறு. அதற்காக அந்த நால்வர் வேலையை விட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அட்டையில் பெயர் வந்ததால் மட்டும் ஒருவர் படைப்பாளி ஆகிவிடுவதில்லை. 'கோஸ்ட்பஸ்டர்'ஸிலும் க்ரேனின் பெயர் உண்டு. 'பிட்ஃபா'லின் பெட்டியிலிருந்து பெயரை அழித்துவிட்டாலும் காடு அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பல்திறனுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான். வெவ்வேறு விதமான மூன்று படைப்புகளில் பெயரை மறைத்த பிறகும் அதே கை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது பல வேலை பார்த்த சாமர்த்தியம் மட்டுமே. அடுத்து யாரையாவது பல்திறன் படைத்தவர் என்று எழுதுமுன் இதைச் செய்து பார்க்கலாம். நம் வட்டத்தில் பலருக்கு இது சங்கடமாக இருக்கும். எனக்கும்தான்.