எல்லை கடந்த ஒற்றுமையும் இலங்கை இடதுசாரி இயக்கமும்

ஓர் இயக்கத்தின் பெருமையை அதன் பிரகடனங்களைக் கொண்டு அளத்தல் எளிது. அப்பிரகடனங்கள் யார்பொருட்டு எழுந்தனவோ, அவர்தம் வாழ்வில் அவை யாது பயன் விளைத்தன என நோக்குதல் அரிது. எனினும் அதுவே திறனாய்வாளன் கடனாகும். பாட்டாளி மக்களைப் பிரிக்கும் நாட்டெல்லை இல்லை என்னும் கொள்கையை இலங்கை இடதுசாரிகள் ஒரு காலத்தில் தம் கட்சியின் அமைப்பிலேயே பொறித்து வைத்தனர். அம்முயற்சி எத்தகையது, எங்கே தளர்ந்தது, ஏன் தளர்ந்தது என்பவற்றை மலையகத் தோட்டங்களில் நின்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1935 இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அதன் தலைவர்களிற் பலர் மேனாட்டிற் கல்வி கற்றுத் திரும்பிய சிங்கள இளைஞர். அவர்கள் கொழும்பு நகரத் தொழிலாளரோடு நின்றுவிடாது தோட்டங்களையும் நாடி வந்தமை குறிப்பிடத்தக்கது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தார். அதுபற்றி விசாரித்த ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காகத் தோன்றி வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா ஆவார். தமிழ்த் தொழிலாளி ஒருவரின் சாவுக்கு நீதி கேட்டுச் சிங்கள வழக்கறிஞர் ஒருவர் நின்ற அந்நிகழ்ச்சி, அக்காலத்து இயக்கத்தின் உள்ளத்தை நன்கு காட்டுவதாகும்.

அதே ஆண்டு பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் சிறைப்பட்டனர். 1942 ஏப்ரலில் அவர்கள் கண்டிச் சிறையினின்றும் தப்பினர்; அவர்களுட் சிலர் கடல் கடந்து இந்தியா சென்றனர். இந்தியப் புரட்சியின்றி இலங்கையின் விடுதலை நிறைவுறாது என்னும் துணிபினால், 1942 இல் இந்திய, இலங்கை, பர்மிய போல்ஷெவிக்-லெனினிஸ்ட் கட்சி உருவாயிற்று. மூன்று நாடுகளுக்கு ஒரு கட்சி என்னும் அப்பெயரே ஒரு கொள்கை விளக்கம் எனலாம். யாழ்ப்பாணத்திற் பிறந்த எஸ். சி. சி. அந்தோனிப்பிள்ளை சென்னை சென்று, 1918 இல் நிறுவப்பெற்ற சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக உயர்ந்தார். 1957 இல் இந்திய மக்களவைக்கும் தெரிவானார். பாக்கு நீரிணை அவருக்கு ஓர் எல்லையாக இருந்ததில்லை.

இனி, இக்கனவு தளர்ந்த இடத்தை நோக்குவாம். 1948 இல் அக்கட்சியின் இந்தியப் பகுதி அங்குள்ள சோஷலிஸ்ட் கட்சியோடு கலந்து மறைந்தது. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தம் தோட்ட மக்களின் வாக்கினையும் பறித்தது. 1947 இல் ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினரை அனுப்பிய மக்கள், 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதவராயினர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் அனைத்தும் எதிர்த்தன. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியும் எதிர்த்தே நின்றன. இவ்வுண்மையை மறைத்து அவர்களைப் பழித்தல் நேர்மையாகாது.

ஆயின், 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி கூட்டரசில் இடம்பெற்றது; என். எம். பெரேரா நிதியமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் எனக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு எனவும், 3,00,000 பேர் இலங்கைக்கு எனவும் வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்தற்கு விடப்பட்டது. பொருளைப் பங்கிடுமாறு மக்கள் பங்கிடப்பட்டனர். அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர். இரு நாட்டுத் தொழிலாளரையும் ஒரே கட்சியாக்க முனைந்தவர்கள், அவர்களை இரு நாடுகளுக்குக் கூறுபோட்ட அரசில் அமைச்சராயிருந்தனர் என்பதே வரலாற்றின் கசப்பான முரண்பாடு. எட்மண்ட் சமரக்கொடி உள்ளிட்ட ஒரு சாரார் கூட்டரசை எதிர்த்து அவ்வாண்டிலேயே பிரிந்து சென்றதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு சிங்களத்தையே அரசகரும மொழியாக உறுதிசெய்தபோது, அதனை ஆக்கும் பொறுப்பினை ஏற்ற அமைச்சர் முல்லோயா விதவைக்காக வாதாடிய அதே கொல்வின் ஆர். டி சில்வா ஆவார்.

அதிகாரமின்றி எக்கொள்கையும் நிறைவேறாது. பெரும்பான்மையோரின் ஆதரவின்றி அதிகாரம் கிட்டாது. ஆதலின் விட்டுக்கொடுத்தல் இன்றியமையாததாயிற்று எனச் சிலர் விடை கூறுவர். இவ்விடையை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆயினும், விட்டுக்கொடுக்கப்பட்டது யாருடைய உரிமை என்னும் வினா எஞ்சுகின்றது. வாக்குடைய தொழிலாளரின் உரிமை விட்டுக்கொடுக்கப்படவில்லை. வாக்கிழந்தோர் உரிமையே விட்டுக்கொடுக்கப்பட்டது. வாக்குரிமையைப் பறித்த சட்டம் தோட்ட மக்களோடு இடதுசாரிகளையும் வலுவிழக்கச் செய்தது. ஏனெனின், 1947 இல் வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகளே அவர்தம் வேட்பாளருக்குத் துணை நின்றன. அத்துணையை இழந்தபின், நாளடைவில் அவர்கள் வேறு வாக்குகளைத் தேடி வேறு மொழி பேசலாயினர்.

இந்நிலை நமக்கே உரியதன்று. இலத்தீன் அமெரிக்க நாடுகளை ஒன்றாக்கும் நோக்குடன் சைமன் பொலிவர் 1826 இல் பனாமாவில் மாநாடு கூட்டினார், பயன் நிலைக்கவில்லை. ஆர்ஜன்டீனாவிற் பிறந்து கியூபாவிற் போராடிய சே குவாரா, அவ்வொற்றுமையைப் புரட்சியாற் படைக்க விரும்பிப் பொலிவியா சென்று 1967 அக்டோபரிற் கொல்லப்பட்டார். அவருடைய படையினர் குவெச்சுவா மொழியைப் பயின்றனர்; அவர்கள் போரிட்ட பகுதியின் பழங்குடி மக்களோ குவரானி மொழி பேசுவோர். ஒரு கண்டத்தை இணைக்கச் சென்றோர்க்கு அயலிலிருந்த குடியானவனோடு உரையாட மொழி இல்லாதுபோயிற்று. இதற்கு மாறாக, பெரு நாட்டு மரியாத்தெகி 1928 இல் வெளியிட்ட தம் ஏழு கட்டுரைகளில், பழங்குடி மக்களின் நிலவுரிமையையே தம் நாட்டின் முதன்மை வினாவாக எடுத்து ஆராய்ந்தார். ஒற்றுமையை அடிநிலையிலிருந்து தொடங்கும் நெறி அது. நம் இடதுசாரிகள் முல்லோயாவில் அந்நெறியிலேயே தொடங்கினர். இடைவழியில் அதனைக் கைவிட்டனர்.

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இரத்தோட்டையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்கின்றனர். கட்சிகள் எல்லை கடந்த ஒற்றுமையைப் பற்றி எழுதுதற்கு நூறாண்டுகட்கு முன்பே எல்லையைக் கடந்தவர்கள் அவர்கள். ஒப்பந்தத்தின் விளைவாக ஒரே குடும்பத்தில் தமையன் நீலகிரிக்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த கதைகளை இப்பகுதி முதியோர் இன்றும் கூறுவர். நாடற்றோர் நிலையை நீக்கும் சட்டம் 2003 இலேதான் முழுமையுற்றது. ஒப்பந்தம் கைச்சாத்தான ஆண்டிற் பிறந்த குழந்தை அப்போது முப்பத்தொன்பது வயதினை எய்தியிருக்கும்.

1942 ஆம் ஆண்டுக் கனவு பிழையானது என இக்கட்டுரை கூறவில்லை. அது இந்நாட்டில் எழுந்த அரசியற் சிந்தனைகளுட் பெருமிதம் கொள்ளத்தக்க ஒன்றாகும். ஆயினும், அக்கட்சியின் பெயரையும் 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் எண்களையும் நம் மாணவர் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தல் வேண்டும். மூன்று நாடுகளை ஒன்றாக்க எண்ணியவர்கள் ஒரு லயத்து மக்களைக்கூட ஒன்றாக வைத்திருக்க இயலாது போனமையை அப்பக்கம் காட்டும். அதற்குரிய காரணத்தை ஆராயாது அக்கனவை மீண்டும் காண முயல்வோர், முன்னோர் தளர்ந்த அதே இடத்திலேயே தளர்வர்.